தீப்பிடித்த கட்டிடத்தில் ஜன்னலை உடைப்பது ஏன்? புகைக்கு வழி விட்டால் உயிர் பிழைக்கும்.. அவசரப்பட்டு கதவை திறந்தால் ஆபத்து!

வேப்பூர்: வீடோ கடையோ தீப்பிடித்து எரிகிறது. தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு வந்து நிற்கிறது. இறங்கிய வீரர்கள் ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறார்கள், ஓட்டை பிரிக்கிறார்கள். கூடி நிற்கிற ஜனங்களுக்கு கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "தண்ணிய அடிக்காம எதுக்குய்யா உடைக்கறீங்க?" என்று சண்டைக்கே போய்விடுகிறார்கள்.

ஆனால் அந்த உடைப்பில்தான் உள்ளே மாட்டியவரின் உசுரே இருக்கிறது. புகையையும் வெப்பத்தையும் வெளியே தள்ளுவது தீயணைப்பு வேலையில் பாதி. அது எப்படி நடக்கிறது, நாம் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்று பார்ப்போம்.

புகைதான் எமன்

தீ விபத்தில் செத்தவர்களில் பலர் உடம்பில் தீக்காயமே இருக்காது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுதான் காரணம். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்வதை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றும், கால் துவளும், அப்படியே விழுந்து விடுவார்கள்.

டெல்லி உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13-ந்தேதி நடந்தது இதுதான். தீப்பிடித்தது கீழே இருந்த டிரான்ஸ்பார்மரில். புகை மேலே ஏறி பால்கனியை நிரப்பியது. 59 பேர் பலியானார்கள்.

கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9-ந்தேதி அதிகாலை அடித்தளத்தில் தீப்பிடித்தது. கண்ணாடியால் மூடிய கட்டிடம் என்பதால் புகை வெளியே போக வழியில்லை. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் படுக்கையில் இருந்த நோயாளிகள்.

நம்ம திண்டுக்கல்லிலும் 2024 டிசம்பர் 12-ந்தேதி இரவு ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். லிப்டில் சிக்கியவர்களை புகை கொன்றது.

சூளை தெரிந்தவர்களுக்கு சுலபம்

விருத்தாசலம் பக்கம் பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த கணக்கை சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே காற்று உள்ளே போகும், மேலே புகைபோக்கி வழியாக சூடு வெளியே போகும். புகைபோக்கியை அடைத்தால் புகை உள்ளேயே சுற்றும். கீழே காற்றை கூட்டினால் தீ எகிறும்.

எரிகிற கட்டிடமும் ஒரு சூளைதான். சூடான புகை மேலே ஏறி கூரையில் முட்டும். போக இடம் இல்லாததால் கூரை அடியில் பரவி, கொஞ்சம் கொஞ்சமாக கீழே இறங்கும். மாடிப்படியும் லிப்ட் குழியும் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். அதனால்தான் கீழே பிடித்த தீக்கு மேல்மாடியில் இருப்பவர் சாகிறார்.

கூரை அடியில் வெப்பம் சுமார் 600 டிகிரி செல்சியசை தொட்டால் அறையில் உள்ள எல்லா பொருளும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்ளே யாரும் பிழைக்க முடியாது. பஞ்சு மெத்தை, மரச்சாமான் காலத்தில் இதற்கு அரை மணி நேரம் ஆகும். இப்போது போம் மெத்தை, சோபா, பிளாஸ்டிக். அமெரிக்காவில் அறை கட்டி எரித்துப் பார்த்ததில் பழைய சாமான் அறைக்கு 29 நிமிடம் ஆனது, புது சாமான் அறைக்கு 4 நிமிடம் கூட ஆகவில்லை.

எங்கே உடைப்பது? எப்போது உடைப்பது?

ஓட்டு வீடு, ஷீட் போட்ட குடோன் என்றால் தீக்கு நேர் மேலே பிரித்து விடுவார்கள். சூடும் புகையும் தானாக மேலே போய்விடும். மாடிக்கட்டிடம் என்றால் காற்று எந்தப்பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்க ஜன்னலை திறப்பார்கள். வாசலில் பெரிய மின்விசிறி வைத்து நல்ல காற்றை உள்ளே தள்ளி, இன்னொரு பக்க ஜன்னல் வழியாக புகையை விரட்டுவதும் உண்டு. விசிறி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. தீயை அடக்கிய பிறகு, அறைக்குள் நின்று ஜன்னல் வழியாக வெளியே தண்ணியை பூமாரியாக பீய்ச்சினால், அந்த வேகம் புகையையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதில் முக்கியம் நேரம். தண்ணி குழாய் தயாராகும் முன்பே திறந்துவிட்டால், அணையப்போற அடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதின கதைதான். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் உண்டு. மூடிய அறையில் அது 15 சதவீதம் அளவுக்கு குறைந்தால் தீ அடங்கின மாதிரி தெரியும். ஆனால் உள்ளே சூடும், எரியாத புகையும் அப்படியே காத்திருக்கும். புகையே ஒரு எரிபொருள். யாராவது கதவை திறந்தால் காற்று பாய்ந்து, குண்டு வெடித்த மாதிரி தீ வெளியே சீறும்.

அதற்கு அடையாளம் உண்டு. தீ தெரியாது, ஆனால் ஜன்னல் கண்ணாடி கருத்துப்போய் இருக்கும். கதவு கொதிக்கும். கதவு இடுக்கில் புகை மூச்சு விடுவது போல வெளியே வந்து உள்ளே போகும். இப்படி இருந்தால் கிட்டவே போகக்கூடாது.

தி.நகர் தந்த பாடம்

சென்னை தி.நகர் உஸ்மான் ரோட்டில் 7 மாடி சென்னை சில்க்ஸ் ஜவுளிக்கடையில் 2017 மே 31-ந்தேதி அதிகாலை அடித்தளத்தில் தீப்பிடித்தது. உள்ளே தங்கியிருந்த ஊழியர்கள் மீட்கப்பட்டார்கள். ஆனால் தீயை நெருங்க முடியவில்லை. கட்டிடத்தில் காற்று போக வழியில்லை, அடர்ந்த புகையில் வீரர்கள் உள்ளே நுழையவே திண்டாடினார்கள். கண்ணாடியை உடைத்து, எந்திரம் வைத்து சுவரில் துளை போட்டு தண்ணி அடித்தார்கள். நாள் முழுக்க போராடியும் தீ அடங்கவில்லை. மறுநாள் அதிகாலை கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. கடைசியில் மொத்த கட்டிடமும் இடிக்கப்பட்டது.

அவ்வளவு பெரிய கடைக்கே இந்த கதி. கூட்டுரோட்டு கடைகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முன்பக்கம் ஷட்டர். மாடி ஜன்னலை மறைத்து விளம்பர போர்டு. பின்பக்க ஜன்னலை அடைத்து அட்டைப்பெட்டி அடுக்கு. ராத்திரி அதே மாடியில் வேலைக்கார பசங்க தூக்கம். தீப்பிடித்தால் புகைக்கும் வழியில்லை, பசங்களுக்கும் வழியில்லை.

உஷார் குறிப்புகள்

* ஜன்னலை மறைத்து போர்டு வைக்காதீர்கள், மூட்டை அடுக்காதீர்கள். ஜன்னல் கம்பியில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்கட்டும்.

* மாடிப்படியில் சாமான் வேண்டாம். மொட்டைமாடி கதவுக்கு பூட்டு போட்டால், சாவி படுத்திருப்பவர் கைக்கு எட்டணும்.

* வெளியே ஓடும்போது தீப்பிடித்த அறையின் கதவை இழுத்து சாத்திவிட்டு ஓடுங்கள். தீக்கு காற்று குறையும், மற்றவர் தப்பிக்க நேரம் கிடைக்கும்.

* புகைக்குள் நிமிர்ந்து நடக்காதீர்கள். தரையோடு தரையாக தவழ்ந்து வாருங்கள். நல்ல காற்று கீழேதான் இருக்கும்.

* லிப்ட் பக்கம் போகவே கூடாது.

* வெளியே வர முடியாவிட்டால் அறைக்கதவை சாத்தி, இடுக்கில் ஈரத்துணி அடைத்து, தெருப்பக்க ஜன்னலில் நின்று குரல் கொடுங்கள்.

* வெளியே நிற்பவர்கள் கதவு, ஜன்னலை தாங்களாக உடைக்க வேண்டாம். 101 அல்லது 112-க்கு போன் போடுங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள், எந்த அறை, கியாஸ் சிலிண்டர் எங்கே என்று வீரர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் உடைக்கும்போது தடுக்காதீர்கள்.

கண்ணாடியை நாளைக்கு மாட்டிக்கலாம். ஓட்டை அடுத்த வாரம் வேயலாம். போன உசுரு வருமா?