ஆர்சி ஹெலிகாப்டர் வாங்கப் போறீங்களா? விலையைப் பாக்கறதுக்கு முன்னாடி, விழுந்தா ஆகற செலவைப் பாருங்க



போன மாசம் நம்ம சேனல் பாக்கற ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். "அண்ணா, கைக்கு மாசம் 38,000 வருது. சின்ன வயசுல இருந்தே ரிமோட் ஹெலிகாப்டர் மேல ஆசை. 30,000 ரூபாய்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு. வாங்கலாமா, இல்ல அந்தக் காசை எஸ்ஐபில போடறதா?"

பொதுவா என்கிட்ட இப்படிக் கேட்டா "எஸ்ஐபில போடுங்க"ன்னுதான் பதில் வரும்னு எல்லாரும் நினைப்பாங்க. என் பதில் வேற. தாராளமா வாங்கலாம். ஆனா அந்த 30,000 ரூபாய் ஹெலிகாப்டர் வேண்டாம், அந்த இஎம்ஐயும் வேண்டாம். காரணம் எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா இதே தப்பை நான் பண்ணியிருக்கேன்.

என் 32,000 ரூபாய், ஒரு நிமிஷத்துல

சிஏ முடிச்சு வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். 450 சைஸ் ஹெலிகாப்டர், ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 32,000 ரூபாய். க்ரெடிட் கார்டுல 9 மாச இஎம்ஐ. வீட்டுல அம்மா "எவ்ளோடா ஆச்சு?"ன்னு கேட்டாங்க. "நாலாயிரம்மா"ன்னு சொன்னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில, லேஅவுட் போட்டு விக்காம கிடந்த ஒரு காலி மனையில பறக்கவிட்டேன். முழங்கால் உயரம் எழும்பிச்சு. இடது பக்கம் சாஞ்சுது. பதறிப்போய் வலது பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினேன், ரொம்ப அதிகமா தள்ளிட்டேன். பிளேடு தரையில அடிச்சுது. ஒரு நிமிஷம் கூட ஆகல. மெயின் பிளேடு ரெண்டும், மெயின் ஷாஃப்ட், டெயில் பூம், மெயின் கியர், ஒரு சர்வோ எல்லாம் போச்சு. ரிப்பேர் கணக்கு 7,800 ரூபாய். முதல் இஎம்ஐ இன்னும் பிடிக்கவே ஆரம்பிக்கல!

அந்த மாசம் பைக் ரிப்பேரும் சேர்ந்து வந்துது. எமர்ஜென்சி ஃபண்டுன்னு ஒண்ணும் கிடையாது. இஎம்ஐ போக கார்டுல இருந்த மீதி செலவுக்கு மூணு மாசம் மினிமம் ட்யூ மட்டும் கட்டினேன். மாசம் 3.5%னா வருஷத்துக்கு 42% வட்டி. ஊருக்கெல்லாம் கணக்கு பாத்து சம்பளம் வாங்கறவன், என் கணக்கைப் பாக்கல.

ஹெலிகாப்டர் வாங்கினது தப்பே இல்ல. அந்த ஹாபிக்கு எங்க செலவு ஆகும்னு தெரியாம வாங்கினதுதான் தப்பு.

ஹெலிகாப்டர் ஏன் இவ்ளோ கஷ்டம்?

கேமரா ட்ரோன் ஓட்டினவங்க "இதுவும் அதே மாதிரிதானே"ன்னு நினைப்பாங்க. இல்லவே இல்ல. கேமரா ட்ரோன்ல ஸ்டிக்கை விட்டா ஜிபிஎஸ் வெச்சு அதே இடத்துல நிக்கும். சாதாரண ஆர்சி ஹெலிகாப்டர்ல ஸ்டிக்கை விட்டா அது தன் போக்குல நகர்ந்துட்டே இருக்கும். நீங்கதான் ஒவ்வொரு நொடியும் திருத்தணும்.

மேல இருக்கற பெரிய விசிறி ஒரு பக்கம் சுத்தும்போது, உடம்பு எதிர்ப்பக்கம் சுத்தப் பாக்கும். அதைத் தடுக்கத்தான் வால்ல சின்ன விசிறி. ஏற்றம் இறக்கம், முன்னே பின்னே, இடம் வலம், வால் திருப்பம்னு நாலு விஷயத்தை ரெண்டு கட்டைவிரல் பாத்துக்கணும். இது போதாதுன்னு, ஹெலிகாப்டரோட மூக்கு உங்களைப் பாத்துத் திரும்பினா இடம் வலமாகும், வலம் இடமாகும். புதுசா ஓட்டறவங்க ஹெலிகாப்டர் பெரும்பாலும் விழறது இங்கதான்.

அதனால விழறது உறுதி. அதை விபத்துன்னு பாக்காதீங்க, பாடத்துக்குக் கட்டற ஃபீஸ்னு பாருங்க. ஃபீஸ் எவ்ளோங்கறது நீங்க எந்த வகையில ஆரம்பிக்கறீங்கங்கறதைப் பொறுத்தது.

எந்த வகை யாருக்கு?

1. கோஆக்ஸியல்: ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு விசிறி, எதிரெதிரா சுத்தும். தானாவே நிலையா நிக்கும். சைமா எஸ்107 மாதிரி சின்னது இந்த வகை. அது இன்ஃப்ராரெட் ரிமோட், வெயில்ல சரியா வேலை செய்யாது. ஹால்ல ஓட்டலாம். பத்தே நாள்ல போர் அடிக்கவும் வாய்ப்பு இருக்கு.

2. ஃபிக்ஸட் பிட்ச், 4 சேனல், கைரோ உள்ளது: ஒரே மெயின் விசிறி, வால்ல ஒண்ணு. உண்மையான ஹெலிகாப்டர் மாதிரியே பழகணும், ஆனா எடை ரொம்பக் கம்மி, அதனால விழுந்தாலும் சேதம் கம்மி. உயரத்தைத் தானே பிடிச்சுக்கற வசதியும் சிலதுல உண்டு. புதுசா ஆரம்பிக்கற சம்பளக்காரருக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

3. கலெக்டிவ் பிட்ச், 6 சேனல்: பிளேடோட கோணத்தையே மாத்தி ஏறும், இறங்கும். தலைகீழா கூட பறக்கும். யூட்யூப்ல நீங்க பாத்து மயங்கின வீடியோ எல்லாம் இதுதான். நான் வாங்கினதும், அந்தத் தம்பி பாத்து வெச்சிருக்கறதும் இதுதான். இரண்டாவது வகையில கை பழகாம இங்க வரவே வராதீங்க.

விலை 6,000, உண்மையான செலவு எவ்ளோ?

இது ஒரு உதாரணக் கணக்கு. மாடலுக்கு மாடல், கடைக்குக் கடை விலை மாறும்.

• 4 சேனல் ஹெலிகாப்டர்: 6,000
• கூடுதல் பேட்டரி 2: 1,200
• ஸ்பேர் பிளேடு, கியர், டெயில் மோட்டர்: 1,500
• கம்ப்யூட்டர் சிமுலேட்டருக்கு யூஎஸ்பி ரிமோட்: 2,000
• ஆரம்பச் செலவு: 10,700
• மாசம் 500 ரூபாய் ஸ்பேர்ஸ், ஒரு வருஷத்துக்கு: 6,000
• முதல் வருஷ மொத்தம்: 16,700

டேக்ல இருந்தது 6,000. ஆகறது கிட்டத்தட்ட மூணு மடங்கு. பைக் வாங்கும்போது பெட்ரோல், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் யோசிக்கறோம் இல்லையா? இங்கயும் அதே கதைதான்.

இதுல ரொம்ப லாபமான 2,000 ரூபாய் எதுன்னா, அந்த சிமுலேட்டர் ரிமோட். சில சிமுலேட்டருக்கு இலவச டெமோவே கிடைக்கும். அதுல நூறு தடவை விழுந்தாலும் செலவு பூஜ்யம். ஒரு கீயை அழுத்தினா புது ஹெலிகாப்டர்!

வாங்கறதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி கேளுங்க: இந்த மாடலுக்கு பிளேடும் கியரும் இந்தியாவுல கிடைக்குதா? வெளிநாட்டு வெப்சைட் விலையைப் பாத்து ஏமாறாதீங்க. பொம்மைகளுக்கான அடிப்படை சுங்க வரி 2020 பட்ஜெட்ல 20%ல இருந்து 60% ஆச்சு, 2023ல 70% ஆச்சு. ட்ரோனை முழுசா இறக்குமதி பண்ண 2022 பிப்ரவரியில இருந்து தடையும் இருக்கு. உங்க பார்சலை கஸ்டம்ஸ் எந்தக் கணக்குல சேர்க்கும்னு சோதிச்சுப் பாக்க உங்க காசைப் போடாதீங்க. ஸ்பேர்ஸ் கிடைக்காத ஹெலிகாப்டர், முதல் தடவை விழுந்த உடனே ஷோகேஸ் பொம்மைதான்.

நோ காஸ்ட் இஎம்ஐ ஏன் வேண்டாம்?

ஜீரோ பர்சன்ட் வட்டிங்கறது உண்மையில இல்லாத விஷயம்னு ரிசர்வ் பேங்க் 2013லயே பேங்குகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டி இருக்கு, அதை டிஸ்கவுன்ட்டா காட்டறாங்க, அவ்ளோதான். வட்டிப் பகுதி 2,000 ரூபாய்னா அதுக்கு 18% ஜிஎஸ்டி 360 ரூபாய் நீங்க கட்டணும். ப்ராசஸிங் ஃபீ தனி. மொத்தமா கட்டினா கிடைச்சிருக்கக்கூடிய தள்ளுபடியும் சில சமயம் போயிடும்.

ஆனா என் பெரிய கவலை அந்த 360 ரூபாய் இல்ல. இஎம்ஐ உங்க பட்ஜெட்டை மறைச்சிடும். மாசம் 3,000 கட்டிட்டு இருக்கும்போது பிளேடு உடைஞ்சா, ஸ்பேர்ஸ் வாங்கக் கையில காசு இருக்காது. ஹெலிகாப்டர் பரண்ல, இஎம்ஐ ஸ்டேட்மென்ட்ல.

இதுக்கு மாற்று ரொம்ப சிம்பிள். சம்பளம் வந்ததும் எமர்ஜென்சி ஃபண்ட், எஸ்ஐபி ரெண்டையும் முதல்ல எடுத்து வெச்சிடுங்க. அப்புறம் மாசம் 1,250 ரூபாய், தனியா ஒரு ஆர்டி. 9 மாசத்துல வட்டி இல்லாமலே 11,250. அந்த 10,700 கையில வந்துடும். நான் இஎம்ஐ கட்டினதும் அதே 9 மாசம்தான். ரெண்டாவது மாச முடிவுலயே அந்த யூஎஸ்பி ரிமோட்டை மட்டும் வாங்கிடுங்க. மீதி ஏழு மாசம் சிமுலேட்டர்ல விழுந்து எழுந்து பழகுங்க. அதுக்குள்ள ஆசை போயிடுச்சுன்னா? 2,000 ரூபாயோட தப்பிச்சீங்க. மீதியை எஸ்ஐபிக்கு அனுப்பிடலாம்.

எங்க, எப்போ பறக்க விடறது?

அதிகாலைதான் சரி. சென்னையில மதியத்துக்கு மேல கடற்காத்து அடிச்சா சின்ன ஹெலிகாப்டர் பக்கத்து மாடிக்குப் போயிடும். காலையில ஆறரை மணிக்கு ஆள் இல்லாத மைதானம் தேடுங்க.

ட்ரோன் ரூல்ஸ் 2021ல ஹெலிகாப்டர் மாதிரி சுழலி வகையும் அடங்கும். 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ. நானோவுக்கும், வியாபார நோக்கம் இல்லாத மைக்ரோவுக்கும் பைலட் லைசென்ஸ் தேவையில்ல. ஆனா இடம் முக்கியம். மீனம்பாக்கம், தாம்பரம், கோவையில பீளமேடு, சூலூர் பக்கம் இருக்கறவங்க கண்டிப்பா டிஜிட்டல் ஸ்கை மேப்ல உங்க ஏரியா பச்சையான்னு பாருங்க. பதிவு விஷயத்தையும் வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துக்குங்க.

பாதுகாப்பு விஷயத்துல விளையாட்டே வேண்டாம். 2013ல நியூயார்க்ல நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஒரு இளைஞர், தன்னோட பெரிய ஹெலிகாப்டர் பிளேடு பட்டு இறந்தே போனார். சின்னதா இருந்தாலும் கண்ணுக்குக் கண்ணாடி, குழந்தைகள் தள்ளி, மொட்டை மாடியில கூட்டம் சேர்க்காதீங்க.

லைப்போ பேட்டரிக்கு மூணு விதி: பக்கத்துல ஆள் இல்லாம சார்ஜ் போடாதீங்க, உப்பினதைத் திரும்பப் பயன்படுத்தாதீங்க, வெயில்ல நிக்கற கார்ல விட்டுட்டுப் போகாதீங்க. ஒரு வாரத்துக்கு மேல பறக்க விடப் போறதில்லன்னா முழு சார்ஜ்லயும் வைக்காதீங்க, காலியாவும் வைக்காதீங்க. செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கத்துல வெச்சா ரொம்ப நாள் உழைக்கும்.

ரசிக்கறதும் ஒரு கணக்குதான்

முதல் மாசம் வால் உங்களைப் பாத்து இருக்கணும், ஒரே இடத்துல ஹோவர், அவ்ளோதான் இலக்கு. தரையை ஒட்டி ஓட்டாதீங்க. பிளேடு தள்ளற காத்து தரையில பட்டுத் திரும்பி ஹெலிகாப்டரை வழுக்கி விடும். இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வந்தா கொஞ்சம் அடங்கும்.

இன்னொண்ணு, விழப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே மோட்டரை கட் பண்ணுங்க. "காப்பாத்திடலாம்"னு கடைசி நொடி வரைக்கும் த்ராட்டில் கொடுத்தா கியர், ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து போகும். ஷேர் மார்க்கெட்ல ஸ்டாப் லாஸ் போடச் சொல்றோமே, அதேதான். சின்ன நஷ்டத்தை ஒத்துக்கிட்டா பெரிய நஷ்டம் மிச்சம்.

ஒரு பேட்டரிக்கு மாடலைப் பொறுத்து 5ல இருந்து 15 நிமிஷம்தான் பறக்கும். அந்த நேரத்துல ஆபீஸ் மெயில், டார்கெட், அப்ரைசல் எதுவும் மனசுல இருக்காது, இருக்க முடியாது. ஒரு நொடி அசந்தா கீழ விழுந்துடும். முதல் தடவை அது பத்து நொடி ஆடாம நிக்கும்போது வர்ற சந்தோஷத்துக்கு எந்த எக்ஸெல் ஷீட்லயும் காலம் கிடையாது. அதனாலதான் "வாங்காதீங்க"ன்னு நான் சொல்லல.

வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

1. எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கா? குறைஞ்சது மூணு மாசச் செலவுக்கு?
2. சிமுலேட்டர்ல ரெண்டு நிமிஷம் விழாம ஹோவர் பண்ண முடியுதா?
3. ஸ்பேர்ஸ் இங்க கிடைக்குதா?
4. பறக்க விட, சட்டப்படி சரியான இடம் பக்கத்துல இருக்கா?
5. இதோட உண்மையான விலையை வீட்டுல சொல்ல முடியுமா?

அஞ்சாவது கேள்வியைச் சும்மா சேர்க்கல. மூணு வருஷம் முன்னாடி, காசு சேர்த்து வெச்சு திரும்ப ஒரு சின்ன 4 சேனல் வாங்கினேன். அம்மா வழக்கம் போல "எவ்ளோடா ஆச்சு?"ன்னு கேட்டாங்க. "ஆறாயிரம்மா, மாசம் ஐந்நூறு உடையறதுக்கு"ன்னு உண்மையைச் சொன்னேன். "உடையறதுக்குக் கூடவா காசு எடுத்து வெப்ப?"ன்னு சிரிச்சாங்க. ஆமாம்மா, அதுக்குத்தான் முதல்ல எடுத்து வைக்கணும்.

இந்தக் கணக்கை உங்க சம்பளத்துக்கு எப்படி மாத்தறதுன்னு இந்த வார வீடியோவுல சொல்லியிருக்கேன், கூடவே ஹெலிகாப்டரைப் பறக்க விட்டும் காட்டியிருக்கேன். ரெண்டு தடவை விழுந்தது. எடிட் பண்ணல. பாருங்க!