பணம் வாங்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது

நியூயார்க் நகரை ஒட்டி ஓடும் ஈஸ்ட் ஆற்றின் நடுவே ஒரு நீண்ட, ஒல்லியான தீவு இருக்கிறது. இன்று அதன் பெயர் ரூஸ்வெல்ட் தீவு. 19-ஆம் நூற்றாண்டில் பிளாக்வெல் தீவு என்றார்கள். சிறைச்சாலை, மனநோயாளிகள் விடுதி, ஏழைகள் விடுதி என்று ஊர் தன் கண்ணில் படக் கூடாது என நினைத்த எல்லாவற்றையும் அங்கேதான் கொண்டுபோய் வைத்திருந்தது. புற்றுநோய் முற்றிய ஏழைகளும் கடைசியில் அந்தத் தீவுக்குத்தான் போனார்கள்.

காரணம் எளிது. இனி குணமாகாது என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி படுக்கையைக் காலி செய்யச் சொல்லிவிடும். வீட்டுக்குத் திரும்பினால் அங்கும் நிம்மதி இல்லை. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று அன்று பலரும் நம்பினார்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வாடகைக் குடியிருப்பில், முகத்திலோ மார்பிலோ ஆறாத புண்ணோடு ஒருவர் கிடந்தால் அக்கம்பக்கத்தார் பொறுப்பதில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான், ரேடியம் 1898-இல். கத்தி வைத்தும் ஆறவில்லை என்றால் வைத்தியத்தின் கையில் வேறு எதுவும் இல்லாத காலம் அது.

ஏழைத் தையல்காரி ஒருத்தி இப்படித் தீவுக்கு அனுப்பப்பட்டாள் என்ற செய்தி ரோஸ் ஹாதார்ன் லாத்ரப் என்ற பெண்ணின் காதுக்கு வந்தது. அவருடைய தோழி, லிபர்ட்டி சிலைக்காகக் கவிதை எழுதிய எம்மா லாசரஸ், 1887-இல் புற்றுநோயால் இறந்தவர். எம்மா வசதியான குடும்பம், பணிவிடைக்குக் குறைவில்லை. நோய் ஒன்றுதான், பணம் இருந்தால் ஒரு சாவு, இல்லாவிட்டால் வேறொரு சாவு. ரோஸால் இதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை.

யார் இந்த ரோஸ்? ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலால் புகழ்பெற்ற நதானியல் ஹாதார்னின் கடைசி மகள். 1851-இல் பிறந்தவர். கவிதைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டிருந்தார். ஒரே மகனைச் சிறு வயதிலேயே டிப்தீரியாவுக்குப் பறிகொடுத்தார். 1891-இல் கணவரோடு கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். ஆனால் கணவரின் குடிப்பழக்கத்தால் இல்லறம் நிலைக்கவில்லை. 1895-இல் இருவரும் பிரிந்தார்கள்.

1896-இல், 45 வயதில், அவர் நியூயார்க் புற்றுநோய் மருத்துவமனையில் செவிலிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். மூன்று மாதம். புண்ணைக் கழுவுவது, சீழைத் துடைப்பது, பழைய துணியைத் தோல் உரியாமல் எடுப்பது, புதுக் கட்டுப் போடுவது. முதன்முதலாகச் சிதைந்த முகங்களை நேருக்கு நேர் பார்த்தபோது அவருக்கும் உடல் கூசத்தான் செய்தது. நல்ல குடும்பத்தில், நூல்களுக்கு நடுவே வளர்ந்தவர். வாடைக்குப் பழகியவர் அல்ல. அந்தக் கூச்சம் நோயாளியின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அன்றே தீர்மானித்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் தொடங்கிய துறவற சபைக்கே அது விதியாயிற்று.

பயிற்சி முடிந்ததும், குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடில் சிறிய வாடகை வீடு ஒன்றைப் பிடித்தார். வெளியில் இருந்து வந்து போகும் தர்மகாரியமாக அதைச் செய்ய அவர் விரும்பவில்லை. தெருவில் குடியிருந்தார், வீடு வீடாகப் போய்க் கட்டுப் போட்டார், போக்கிடம் இல்லாதவர்களைத் தன் அறையிலேயே படுக்க வைத்துக்கொண்டார். 1897 கடைசியில் ஆலிஸ் ஹூபர் என்ற இளம் ஓவியர் உதவிக்கு வந்தார். வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டும் வருவதாகத்தான் பேச்சு. சில மாதங்களில் அவரும் அங்கேயே குடிவந்துவிட்டார்.

1899-இல் செர்ரி தெருவில் சொந்தமாக ஒரு வீடு அமைந்தது. பெயர், புனித ரோஸ் இலவச இல்லம். 1900 டிசம்பர் 8 அன்று இருவரும் டொமினிக்கன் துறவற உடை அணிந்தார்கள். கணவர் 1898-இலேயே இறந்திருந்ததால் ரோஸுக்குத் தடை எதுவும் இல்லை. ரோஸ், சகோதரி மேரி அல்போன்சா ஆனார்; ஆலிஸ், சகோதரி மேரி ரோஸ்.

இல்லத்தின் பெயரில் உள்ள ‘இலவசம்’ என்ற சொல்லை அவர்கள் மிகக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டார்கள். நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. குடும்பத்தார் நன்றியோடு நீட்டினாலும் வாங்குவதில்லை. அரசிடமும் கேட்பதில்லை. பிடிவாதமாகத் தோன்றலாம்; ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் கொடுக்க முடிந்தவருக்கும் எதுவுமே இல்லாதவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை கிடைத்தால், நாளடைவில் கவனிப்பில் ஏற்றத்தாழ்வு நுழைந்துவிடும். யாரும் கொடுக்காத இடத்தில் எல்லாரும் விருந்தாளிகள்தான்.

பிறகு எப்படி நடந்தது? எழுத்துதான் கைகொடுத்தது. ஹாதார்னின் மகள் அல்லவா! நியூயார்க் செய்தித்தாள்களுக்கு விடாமல் கடிதம் எழுதினார்; தன் பணிக்காகவே ஒரு மாத இதழும் சில ஆண்டுகள் நடத்தினார். மார்க் ட்வெய்ன் அவருடைய ஆதரவாளர்களில் ஒருவர். 1901-இல் நகரத்துக்கு வடக்கே, வெஸ்ட்செஸ்டர் பகுதியில், மரத்தால் ஆன பெரிய பழைய கட்டடம் ஒன்று கிடைத்தது. அதுதான் ரோசரி ஹில் இல்லம். அந்த ஊருக்கே பின்னாளில் ஹாதார்ன் என்று பெயர் வந்தது. எழுந்து நடக்க முடியாதவர்கள் நிறைந்த மர வீட்டில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற கவலை அவரை விடவே இல்லை. தீப்பிடிக்காத கட்டடத்துக்காகக் கடைசிவரை நிதி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1926 ஜூலை 9 அன்று, 75 வயதில், உறக்கத்திலேயே இறந்தார். பொறுப்பை ஆலிஸ் ஹூபர் ஏற்றுக்கொண்டார்.

சபை மற்ற ஊர்களுக்கும் பரவியது. அட்லாண்டாவில் 1939-இல் தொடங்கிய இல்லத்துக்கு, பத்து ஆண்டு கழித்து மேரி ஆன் என்ற மூன்று வயதுக் குழந்தை வந்தாள். முகத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கட்டி. ஒரு கண் இல்லை. சில மாதங்கள்தான் இருப்பாள் என்றார்கள். பன்னிரண்டு வயதுவரை அங்கேயே வளர்ந்து, 1959-இல் இறந்தாள். அவளைப் பற்றி எழுதித் தரும்படி சகோதரிகள் எழுத்தாளர் ஃப்ளானரி ஓ’கானரைக் கேட்டார்கள். நீங்களே எழுதுங்கள் என்றார் அவர். அவர்கள் எழுத, ஓ’கானரின் முன்னுரையோடு 1961-இல் நூல் வெளிவந்தது. அந்த முன்னுரையில் அவர் நதானியல் ஹாதார்னை நினைவுகூர்கிறார். லிவர்பூலில் துணைத் தூதராக இருந்த காலத்தில், ஏழைகள் விடுதி ஒன்றில், நோயால் பார்க்கவே சகிக்காத ஒரு குழந்தை தூக்கச் சொல்லிக் கை நீட்டியபோது, உள்ளுக்குள் கூசிக்கொண்டே ஹாதார்ன் தூக்கி அணைத்துக்கொண்டார். அந்தத் தந்தையின் மகள்தான் ரோஸ்.

ரோஸைப் புனிதராக்கும் பணி 2003-இல் தொடங்கியது. 2024 மார்ச்சில் போப் பிரான்சிஸ் அவரை ‘வணக்கத்துக்குரியவர்’ என்று அறிவித்தார். அடுத்த படியான அருளாளர் பட்டத்துக்கு, அவருடைய பரிந்துரையால் நடந்த அற்புதம் ஒன்றைத் திருச்சபை ஏற்க வேண்டும். ரோசரி ஹில்லில் சேர இன்றும் பார்ப்பது இரண்டுதான்: குணமாகாத புற்றுநோய், கவனிப்புக்குச் செலவு செய்ய வழியில்லாத நிலை. எந்த மதம் என்று பார்ப்பதில்லை. காப்பீட்டுப் பணமும் அரசு உதவித்தொகையும் அங்கே செல்லாது. செலவு முழுக்க நன்கொடையில்தான் நடக்கிறது.