இரண்டாவது ஆன்டெனா எதற்கு?

மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றினால், வைஃபை கார்டில் பெரும்பாலும் இரண்டு மெல்லிய வயர்கள் செருகியிருக்கும். இரண்டும் கீல் வழியே ஏறி, திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் தனித்தனி ஆன்டெனாவில் முடியும். ஒன்று போதாதா?

போதாது. ரவுட்டரிலிருந்து கிளம்பும் அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவரிலும் பீரோவிலும் பட்டுத் தெறித்து, பல பாதைகளில், கொஞ்சம் முன்பின்னாக வந்து சேர்கிறது. ஒன்றின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் சிக்னல் ஏறக்குறைய செத்துவிடும். ஆனால் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ.தான். அதில் பாதி தூரம் தள்ளிப்போனாலே நிலைமை மாறிவிடும். அங்கே இன்னொரு ஆன்டெனா இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் ஊமையாவது அபூர்வம்.

சிற்றலை வானொலிக் காலத்திலேயே பொறியாளர்கள் இப்படி ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி நட்டு வைத்திருக்கிறார்கள். தொடக்ககால வைஃபை கருவிகள் பலவற்றில் ஆன்டெனா இரண்டு, ரிசீவரோ ஒன்றுதான். ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் வரும் பழக்கமான துடிப்புகளைக் கேட்டு, எதில் தெளிவோ அந்தப் பக்கம் ஸ்விட்ச் திரும்பும். பிறகு வந்தவை எதையும் ஒதுக்குவதில்லை. இரண்டு சிக்னல்களின் அலைநிலையையும் ஒத்திசைத்து, தெளிவானதற்குக் கூடுதல் எடை தந்து கூட்டிக்கொள்கின்றன.

இதுவரை தெறிப்பு நமக்கு எதிரி. அதையே துணையாக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவர், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படைக்கு சோனார் உருவாக்கியவர். பின்னர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1992இல் அங்கே பேராசிரியராக இருந்த தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், இரண்டு ஆன்டெனாக்கள் வெவ்வேறு தகவலை அனுப்பட்டும் என்பது யோசனை. பெறும் பக்கத்தில் ஒவ்வொரு ஆன்டெனாவிலும் இரண்டும் கலந்தே விழும். ஆனால் கலந்த விகிதம் வேறு வேறு. இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண். பள்ளிக் கணக்குபோல் தீர்த்துவிடலாம். விகிதங்களை வேறுபடுத்தித் தருவதே அந்தத் தெறிப்புகள்தான்! தடையற்ற வெட்டவெளியில் சமன்பாடுகள் ஒன்றுபோலாகி, பிரிப்பது கடினமாகிவிடும். மைமோ எனப்படும் இந்த நுட்பம் 2009இல் 802.11என் தரத்தோடு வைஃபையில் முறையாக இடம்பெற்றது. பால்ராஜுக்கு 2014இல் மார்க்கோனி பரிசு கிடைத்தது.

இன்றைய கருவிகள் இரண்டு வித்தையையும் மாற்றி மாற்றிக் கையாள்கின்றன. ரவுட்டர் அருகில் இருந்தால் இரண்டு ஆன்டெனாவிலும் தனித்தனித் தகவல், இரு மடங்கு வேகம். தூரத்து அறைக்குப் போய் சிக்னல் மெலிந்தால் ஒரே தகவல்தான்; இரண்டும் சேர்ந்து அதைத் தவறாமல் கொண்டுவரப் பாடுபடும்.