என்ஜினில் ஏறிய பெண்கள்

மும்பையில் இருந்து ஊருக்குப் புறப்படும் தமிழர்களுக்குக் கர்ஜத் ஸ்டேஷனைத் தெரியாமல் இருக்காது. நாகர்கோவில் வண்டியோ, சென்னை வண்டியோ, பெரும்பாலும் அங்கே சிறிது நேரம் நிற்கும். பிளாட்பாரத்தில் சூடாக வடா பாவ் விற்பார்கள். பிள்ளைகள் அதை வாங்கித் தின்று கொண்டிருக்கும்போதே வண்டியின் பின்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். மலை ஏற்றத்தில் தள்ளிவிட என்ஜின்கள் வந்து சேர்ந்து விட்டன என்று அர்த்தம்.

அங்கிருந்து லோனாவ்லா வரை ஏற்றம்தான். 'போர் காட்' என்று பெயர். 1863-ம் ஆண்டு திறக்கப்பட்ட பாதை. 37 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். கேட்பதற்கு இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் ரெயிலுக்கு இது கடுமையான ஏற்றம்.

ஏறுவதாவது பரவாயில்லை. இறங்குவதுதான் கஷ்டம். மேலிருந்து வரும் வண்டிகள் வழியில் நின்று, பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக் கொண்டு கீழே வர வேண்டும். பிடி தவறி ஓடும் வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பி நிறுத்துவதற்கென்றே தனித் தண்டவாளங்கள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாதையில் 2011-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி புனேயில் இருந்து 'டெக்கான் குயின்' இறங்கி வந்தது. டிரைவர் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் திருமதி சுரேகா யாதவ். இந்தியாவில் ரெயில் ஓட்டிய முதல் பெண்மணி.

டீச்சர் ஆக நினைத்தவர்

சுரேகா 1965-ம் ஆண்டு சாத்தாராவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் மூத்தவர். கராட் நகரில் எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் டிப்ளமா படித்தார். மேலே படித்து, பி.எட். முடித்து, பள்ளிக்கூட ஆசிரியை ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. இடையில் ரெயில்வேயில் உதவி டிரைவர் வேலைக்கு விண்ணப்பம் போட்டார்.

பரீட்சைக்குப் போன இடத்தில் பார்த்தால் அவர் ஒருவர்தான் பெண். நேர்முகத் தேர்விலும் அப்படியே. இந்த வேலைக்கு அதுவரை ஒரு பெண்ணையும் எடுத்ததில்லை என்பதே அப்போது தமக்குத் தெரியாது என்று அவர் பிற்காலத்தில் பேட்டி கண்டவர்களிடம் சொல்லி இருக்கிறார். யாராவது ஒருவர் முதல் அடி எடுத்து வைக்கத்தானே வேண்டும் என்றும் சொன்னார்.

தெரியாமல் போனதும் ஒரு வகையில் நல்லதுதான். தெரிந்திருந்தால் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசி, விண்ணப்பத்தைப் பரண் மேல் போட்டிருப்பார்கள்.

1986-ம் ஆண்டு கல்யாண் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1989-ல் முறையான உதவி டிரைவர் ஆனார். முதலில் கிடைத்தது வாடிபந்தருக்கும் கல்யாணுக்கும் இடையே ஓடும் சரக்கு ரெயில். என்ஜினைச் சோதிப்பது, சிக்னல் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சிக்னல் கண்ணில் பட்டதும் உதவி டிரைவர் கையை நீட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் கண் தவறினாலும் மற்றவர் கண் காப்பாற்றும். நடுநிசி இரண்டு மணிக்கும் இதே முறைதான்.

கரி போனது, எண்ணம் போகவில்லை

ரெயில் ஓட்டுவது ஆண்பிள்ளை வேலை என்ற பேச்சு எப்படி வந்தது? நீராவி என்ஜின் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். நெருப்பின் முன்னால் நின்று மூட்டை மூட்டையாகக் கரி அள்ளிப் போட வேண்டும். அதற்குத் தோள்பலம் வேண்டும்.

ஆனால் மும்பையில் 1925-ம் ஆண்டிலேயே மின்சார ரெயில் ஓடத் தொடங்கி விட்டது. 1930-ல் டெக்கான் குயின் முதன்முதலாகப் புறப்பட்டபோதே அதை மின்சார என்ஜின்தான் இழுத்தது. அதன் பிறகும் 50, 60 ஆண்டுகள் மின்சார என்ஜினுக்கும் கரி அள்ளும் தோளையே தேடிக் கொண்டிருந்தார்கள்!

இன்றைய டிரைவருக்கு வேண்டியது கண், காது, கை மூன்றும் ஒன்றாக வேலை செய்யும் நிதானம். மும்பை லோக்கல் ரெயிலை எடுத்துக் கொள்ளுங்கள். முன்னால் உள்ள அறையில் மோட்டார்மேன் தனி ஆள். அவர் பிடித்திருக்கும் கைப்பிடியை அழுத்தியபடியே இருக்க வேண்டும். கை தளர்ந்தால் பிரேக் தானாகப் பிடித்துக் கொள்ளும். சில நிமிடத்துக்கு ஒரு ஸ்டேஷன். அரை நிமிடம்கூட நிற்பதில்லை. தண்டவாளத்தின் குறுக்கே ஓடுகிறவர்கள் வேறு.

2000-ம் ஆண்டு ஏப்ரலில் சென்ட்ரல் ரெயில்வேயின் 'லேடீஸ் ஸ்பெஷல்' லோக்கலை சுரேகா ஓட்டினார். பெண்களுக்கென்று தனி வண்டி மும்பைக்கு அப்போது புதிது அல்ல. வெஸ்டர்ன் லைனில் 1992-லேயே வந்து விட்டது. ஏறுகிறவரும் பெண், ஓட்டுகிறவரும் பெண் என்பதுதான் புதிது.

பின்னர் மலைப்பாதையில் ஓட்டத் தனிப் பயிற்சி பெற்றார். அதன் பலன்தான் டெக்கான் குயின் பயணம். கல்யாண் பயிற்சி மையத்தில் புதியவர்களுக்குக் கற்றுக் கொடுக்கும் வேலையும் பார்த்தார். ஆக, டீச்சர் ஆசையும் வேறு வழியில் நிறைவேறி விட்டது. 2023-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி சோலாப்பூரில் இருந்து மும்பைக்கு 'வந்தே பாரத்' ரெயிலை ஓட்டி வந்து, குறித்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்னதாகவே கொண்டு சேர்த்தார்.

அப்பா சொன்ன 'வேண்டாம்'

மும்பையைச் சேர்ந்த மும்தாஜ் காஜியின் கதையில் தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. தந்தை ரெயில்வேயில் பணியாற்றியவர். என்ஜின் வேலை எப்படிப்பட்டது என்று நேரில் கண்டவர். மகள் டிரைவர் வேலைக்கு மனுப் போடுகிறாள் என்றதும் வேண்டாம் என்று தடுத்தார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரவு, பகல் தெரியாத வேலை. எந்த ஊரில் இறங்கி எந்த அறையில் படுப்பது என்று நிச்சயம் இல்லை. நண்பர்களும் ரெயில்வே அதிகாரிகளும் எடுத்துச் சொன்ன பிறகு சம்மதித்தார். 1991-ல் மும்தாஜ் வேலையில் சேர்ந்தார். டீசல் என்ஜின் ஓட்டிய முதல் பெண் என்று 1995-ம் ஆண்டு லிம்கா சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது. பின்னர் தாணே லைனில் லோக்கல் ரெயில் ஓட்டினார். 2017-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஜனாதிபதி பிரணாப் முகர்ஜியிடம் 'நாரி சக்தி' விருது பெற்றார்.

மாட்டுங்கா ஸ்டேஷன்

மாட்டுங்காவுக்கு அறிமுகம் தேவையில்லை. மல்லிகைப்பூ, வாழை இலை, காப்பித்தூள் எது வேண்டும் என்றாலும் மும்பைத் தமிழர்கள் போய் இறங்கும் இடம். சென்ட்ரல் லைனில் உள்ள அந்த ஸ்டேஷனை 2017-ம் ஆண்டு ஜூலையில் முழுக்கப் பெண்களிடம் ஒப்படைத்தார்கள். டிக்கெட் கொடுப்பது, பரிசோதிப்பது, ஒலிபெருக்கியில் அறிவிப்பது, பாதுகாப்பு எல்லாமே பெண்கள். நாட்டிலேயே இப்படி முதல் ஸ்டேஷன் இதுதான் என்று லிம்கா புத்தகத்தின் 2018-ம் ஆண்டுப் பதிப்பில் இடம் பெற்றது.

அப்போது ஸ்டேஷன் மானேஜராக இருந்தவர் திருமதி மம்தா குல்கர்னி. 1992-ல் அவர் சேர்ந்தபோது சென்ட்ரல் ரெயில்வே மும்பை கோட்டத்தின் முதல் பெண் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். சுற்றிலும் பெண்களே வேலை பார்க்கும் ஒரு ஸ்டேஷனில் தாம் இருப்போம் என்று நினைத்ததே இல்லை என்று 25 ஆண்டுகள் கழித்துச் சொன்னார்.

எல்லாப் பெண்களையும் ஒரே ஸ்டேஷனில் சேர்ப்பது பார்வைக்கு அழகுதான். ஆனாலும் 1992-ல் ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக நாற்காலியில் உட்கார்ந்து, கொடி காட்டி வண்டி அனுப்பியதுதான் பெரிய காரியம் என்று தோன்றுகிறது.

பெயரிலேயே 'மேன்'

ரெயில்வேயில் வேலைகளின் பெயரைப் பாருங்கள். மோட்டார்மேன், பாயிண்ட்ஸ்மேன், கேட்மேன், கேங்மேன். ஒரு பெண் வந்து நிற்பாள் என்று பெயர் வைத்தவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. மும்தாஜ் போன்றவர்கள் வந்த பிறகு பத்திரிகைகள் 'மோட்டார்வுமன்' என்று எழுதத் தொடங்கின.

இது பழைய கதைதான். சென்னை கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் 1940-களில் லலிதா என்ற பெண் எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் படித்துத் தேறினார். 18 வயதில் விதவையானவர். கையில் நாலு மாதக் குழந்தை. பட்டச் சான்றிதழில் 'ஹி' என்றுதான் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'ஷி' என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் செய்முறைப் பயிற்சி பெற்ற இடம் பீகாரில் ஜமால்பூர் ரெயில்வே பட்டறை.

காகிதத்தில் ஒரு சொல்லை அடித்துத் திருத்திவிடலாம். இரும்பில் செய்த என்ஜினைத் திருத்துவதில்தான் இன்னும் தகராறு.

தண்ணீர் குடிக்காத டிரைவர்கள்

இப்போது டிரைவருக்கு 'லோகோ பைலட்' என்று பெயர். 2014-ம் ஆண்டு இந்திய ரெயில்வேயில் பெண் லோகோ பைலட்டுகள் 371 பேர். பத்தே ஆண்டில் 1,500-ஐத் தாண்டி விட்டார்கள். பெரும்பாலோர் உதவி லோகோ பைலட்டுகள்.

சுரேகா யாதவ் 2025-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி ஓய்வு பெற்றார். கடைசியாக அவர் ஓட்டியது ராஜதானி எக்ஸ்பிரஸ். இகத்புரியில் இருந்து கசாரா மலையிறக்கம் வழியாக மும்பைக்கு. அதுவும் 37-க்கு 1 சரிவுதான்.

அவருக்குப் பின்னால் வந்த பெண்கள் 2024-ம் ஆண்டு ரெயில்வே வாரியத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். வேலை செய்யும் நிலைமையைச் சீர்படுத்துங்கள், முடியாவிட்டால் எங்களை வேறு பிரிவுக்கு மாற்றுங்கள் என்பது கோரிக்கை. ஓட்டத் தெரியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. முக்கியமான குறை, என்ஜினில் கழிப்பறை இல்லை.

கழிப்பறை வைத்த முதல் என்ஜின் 2016-ம் ஆண்டு மே மாதம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு பகுதி என்ஜின்களில் வைத்தார்கள். பெரும்பாலான என்ஜின்களில் இல்லை. ஆண்களுக்கும் இது கஷ்டம்தான். ஆனால் அவர்கள் எப்படியோ சமாளித்து விடுகிறார்கள். சரக்கு ரெயிலில் பணி ஒன்பது மணி நேரத்தையும் தாண்டும். நடுக்காட்டில் சிக்னலுக்காக வண்டி நிற்கும். பெண் எங்கே இறங்குவாள்?

அவசரம் என்றால் முதலில் கூட இருக்கும் லோகோ பைலட்டிடம் சொல்ல வேண்டும். அவர் வாக்கி-டாக்கியில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்வார். அந்த அலைவரிசையில் இருக்கும் ஊழியர்கள் அத்தனை பேர் காதிலும் அது விழும். இதற்குக் கூச்சப்பட்டே அடக்கிக் கொள்கிறோம் என்று பெண்கள் சொல்கிறார்கள்.

சாப்பாட்டுக்கும் இயற்கை உபாதைக்கும் லோகோ பைலட்டுகளுக்கு நேரம் ஒதுக்கி விதி செய்ய வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. நடைமுறைக்கு ஒத்துவராது என்று 2025-ம் ஆண்டு ஏப்ரலில் ரெயில்வே வாரியம் பதில் சொல்லி விட்டது.

இதனால் பல பெண்கள் பணிக்குப் புறப்படும் முன்பே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக் கொள்கிறார்கள். வழியிலும் குடிப்பதில்லை.