மருத்துவ இடம் பெறப் படித்த கல்லூரியின் பெயர் உதவுமா? விதிகள் சொல்வது என்ன?

பெங்களூரு: பிள்ளையை மருத்துவராக்க விரும்பும் பெற்றோர், பத்தாம் வகுப்பு முடிந்ததும் புகழ்பெற்ற பியு கல்லூரியைத் தேடத் தொடங்குகின்றனர். ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இக்கேள்வி உண்டு: கல்லூரியின் பெயர் எம்பிபிஎஸ் இடம் பெற்றுத் தருமா?

நேரடியாக இல்லை என்பதே விடை. எந்தப் பள்ளியில், எவ்வாறு படித்தார் என்பது மட்டும் சில இடங்களில் முடிவை மாற்றும்.

தரவரிசையே அடிப்படை

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன்படி, நாடு முழுவதும் இளநிலை மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வே அடிப்படை. மொத்த மதிப்பெண் 720. இரண்டாம் பியு தேர்வில் பொதுப் பிரிவினர் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் சேர்த்து 50 சதவீதமும், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 சதவீதமும் பெற்றால் போதும். அது தகுதி மட்டுமே, தரவரிசையில் சேராது. கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்தும் கலந்தாய்விலும் கல்லூரியின் புகழுக்கு மதிப்பெண் கிடையாது.

முன்பு நிலை வேறு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ், வேலூர் சிஎம்சி ஆகியவை தனித் தேர்வு நடத்தி மாணவரைத் தேர்ந்தெடுத்தன. சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 29 அன்று தீர்ப்பளித்தது. எய்ம்ஸ், ஜிப்மர் தனித் தேர்வுகளும் 2019-உடன் முடிவுக்கு வந்தன.

எது கணக்கில் வரும்?

கர்நாடக ஒதுக்கீட்டு இடங்களுக்கான பொதுவான விதிப்படி, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பியு வரையிலான காலத்தில் குறைந்தது 7 ஆண்டுகள் இம்மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு அல்லது இரண்டாம் பியு தேர்வில் ஒன்றை இங்கு எழுதித் தேறியிருக்கவும் வேண்டும். எனவே, பயிற்சிக்காகப் பிள்ளையை வேறு மாநில விடுதிப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் முதலில் எண்ண வேண்டியது இந்த 7 ஆண்டுகளையே. பத்தாம் வகுப்பு வரை ஊரகப் பள்ளிகளில் படித்தோருக்கு 15 சதவீதமும், கன்னட வழியில் படித்தோருக்கு 5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு.

தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வழங்கப்படுகிறது. ஆக, பெரும்புகழ் இல்லாத அரசுப் பள்ளியே அங்கு மாணவருக்குக் கைகொடுக்கிறது.

முதுநிலைப் படிப்பில் மட்டும், எம்பிபிஎஸ் பயின்ற கல்லூரிக்கு ஓரளவு இடமுண்டு. வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தம் மாணவருக்கு நிறுவனங்கள் வரம்புக்குட்பட்டு முன்னுரிமை தருவதை ஏற்றது. அதுவும் புகழுக்கான மதிப்பு அன்று.

அமெரிக்காவில் நடைமுறை வேறு. பட்டப்படிப்பு மதிப்பெண், எம்கேட் தேர்வு, பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல் ஆகிய அனைத்தையும் சேர்த்தே ஒருவரை எடைபோடுகின்றனர். மனிதர்கள் மதிப்பிடும் முறை என்பதால், படித்த கல்லூரியின் பெயரும் அங்கு செல்வாக்குப் பெறக்கூடும்.

மறைமுகத் தாக்கம்

பெயருக்கு மதிப்பெண் இல்லை என்றாலும், பயிற்சிக்குப் பலன் உண்டு. நீட் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு, தமிழ்நாட்டில் சேர்ந்தோரில் மீண்டும் தேர்வெழுதியோரின் பங்கு 2016-17-இல் 12.47 சதவீதமாக இருந்து, 2020-21-இல் 71.42 சதவீதமாக உயர்ந்ததாகக் குறிப்பிட்டது. கூடுதலாக ஓராண்டு பயிற்சிக்குச் செலவிட இயலாத குடும்பங்களே இதில் பின்தங்குகின்றன.

ஆகவே, கட்டணம் செலுத்தும் முன் விளம்பரத்தில் உள்ள தரவரிசைகளை மட்டும் பார்ப்பது போதாது. அம்மாணவர்கள் முதல் முயற்சியில் வென்றனரா, அங்கேயே முழுமையாகப் படித்தனரா, மொத்தம் எத்தனை பேர் தேர்வெழுதினர் என்று கேட்பது நல்லது. வகுப்புக்கு வராமலே பெயரைப் பதிவுசெய்யும் பள்ளிகளிடமும் எச்சரிக்கை தேவை. சிபிஎஸ்இ தேர்வெழுத 75 சதவீத வருகை கட்டாயம். ஒவ்வோர் ஆண்டும் விதிகள் மாறக்கூடும் என்பதால், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்தபின் முடிவெடுப்பதே பாதுகாப்பானது.