பல்சக்கரம் குறித்துக் கொடுத்த கிரகணம்

2024 ஏப்ரல் 8-ம் தேதி வட அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. 2010-ல் வெளியான ஒரு சிறிய படத்தில், முழுக்க லெகோ துண்டுகளால் கட்டிய ஓர் இயந்திரம் அதே தேதியைக் காட்டியிருந்தது. உள்ளே சிப் கிடையாது. கணக்கு மொத்தத்தையும் பல்சக்கரங்களே போட்டன.

கட்டியவர் அமெரிக்க மென்பொருள் பொறியாளர் ஒருவர். சுமார் 1,500 துண்டுகள், 110 பல்சக்கரங்கள். அவருக்கு முன்மாதிரி, கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-ல் கிடைத்த வெண்கலக் கருவி. இரண்டாயிரம் ஆண்டு பழையது. கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்பும் என்பதறிந்த கிரேக்கக் கொல்லர், 223 பற்கள் கொண்ட சக்கரத்தையே அராவி எடுத்துவிட்டார்.

லெகோவில் அந்த வசதி இல்லை. வழக்கமாகக் கிடைப்பவை 8, 16, 24, 40 பற்கள் உள்ள சக்கரங்கள். இவற்றை எப்படிக் கோத்தாலும் 2, 3, 5 ஆகிய பகா எண்களின் பெருக்கலும் வகுத்தலும்தான் வரும். வானத்துச் சுழற்சிகளின் கணக்கோ 19, 47, 127, 223 என்று கேட்கிறது. எல்லாமே பகா எண்கள்.

பெருக்கி வராததைக் கூட்டி வரவழைக்கலாம். லாரியின் பின்அச்சு நடுவில் உருண்டையாகப் புடைத்திருக்கிறதே, அந்த டிஃபரன்ஷியல்தான் கூட்டல் கருவி. இரண்டு பக்கத்து அச்சுகளும் சுற்றும் வேகங்களின் சராசரியில் அதன் கூடு சுற்றும். ஒரு பக்கம் 16, மறுபக்கம் 3 என்ற விகிதத்தில் சுற்றவிட்டு, வருவதை இரட்டித்தால் 19. லெகோவில் டிஃபரன்ஷியலும் ஒரு சாதாரண உதிரித் துண்டுதான். இதைக் காகிதத்தில் படிப்பது வேறு. சக்கரம் சக்கரமாக விரலால் தொட்டுப் பின்தொடர்ந்து, எண் பிறக்கும் இடத்தைக் கண்ணால் பார்ப்பது வேறு. கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

லெகோவில் பிரமாண்டங்களும் உண்டு. 2018-ல் செக் நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளால், பசை இல்லாமல் கட்டிய புகாட்டி சிரோன் கார், 2,304 குட்டி மோட்டார்களின் பலத்தில் மனிதரைச் சுமந்து மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது. 2014-ல் ஒரு லெகோ ரோபோ ரூபிக் கனசதுரத்தை 3.253 விநாடியில் தீர்த்தது. கை லெகோவுடையது, யோசித்தது கைபேசி.

என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. யோசிக்கும் வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2019-ல் ஏழு மோட்டார்களும் நாலாயிரத்துக்கு மேல் துண்டுகளுமாக ஒரு ராட்சத லெகோ மண்வாரி வந்தது. அதை இயக்கக் கைபேசிச் செயலி வேண்டும். தனி ரிமோட் தரப்படவில்லை. நாளை அந்தச் செயலி புதிய கைபேசியில் திறக்காவிட்டால், அவ்வளவு விலை கொடுத்த மண்வாரி அலமாரிப் பொம்மை. பிள்ளையின் விரலும் கண்ணாடித் திரையைத் தேய்க்கிறதே தவிர, பளு ஏறும்போது பல்சக்கரம் முரண்டுவதை உணர்வதில்லை.

நிரல் எழுதுவதுதான் இனி எதிர்காலம் என்பார்கள். கலிஃபோர்னியாவில் 12 வயதுச் சிறுவன் 2014-ல் லெகோ ரோபோ பெட்டியை வைத்து பிரெயில் அச்சுப்பொறி செய்தது உண்மைதான். ஆனால் 1998-ல் தொடங்கிய அந்த ரோபோ வரிசையே 2022-ல் நின்றுவிட்டது. 1977-ல் வந்த பல்சக்கரமோ இன்று வாங்கும் சக்கரத்தோடு இப்போதும் பல்லுக்குப் பல் பொருந்தும்.

பிள்ளைக்கோ பள்ளிக்கோ வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கைபேசி இல்லாமல் ஓடுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். கையால் சுற்றும் பிடி, நான்கைந்து அளவில் பல்சக்கரங்கள், டிஃபரன்ஷியல் ஒன்று, இவை இருந்தால் வாங்கலாம். செய்முறைப் புத்தகத்தை ஒருநாள் எடுத்து வைத்துவிட்டு, 19 வரவழைக்கச் சொல்லுங்கள். அது வந்துவிட்டால், 47.