தீப்பொறி விழும் வேளை

போடிநாயக்கனூரைத் தாண்டி மேற்கே செல்லும் சாலை, முந்தல் என்னும் அடிவாரத்தில் சமவெளியை விட்டு நீங்கி, 17 கொண்டை ஊசி வளைவுகளின் வழியே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்து போடிமெட்டைச் சேருகிறது. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் சாலையோ, முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் செழித்த வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் ஒட்டி நிதானமாக ஓடி, லோயர் கேம்ப் வந்த பிறகே குமுளி மலையை நோக்கித் தலைதூக்குகிறது. சமதளமும் செங்குத்தும் இவ்வளவு அருகருகே அமைந்த பிரதேசத்தில், பழைய பெட்ரோல் அம்பாசிடர் காரை இன்னும் ஆசையோடு வைத்திருப்பவர்களுக்கு, அதன் 'டைமிங்' அசட்டையாக விடக்கூடிய விஷயமன்று.

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலேறி அழுத்த, பிளக்கில் தீப்பொறி விழுந்து அது வெடிக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது வெடிப்பதில்லை, எரிகிறது. பொறி விழுந்த இடத்திலிருந்து சுடர் பரவி முழுவதையும் எரித்து முடிக்க இரண்டு மில்லி விநாடி அளவான சொற்பக் காலம் வேண்டியிருக்கிறது. ஆனால் நிமிஷத்துக்கு 3,000 முறை சுழலும் கிராங்க் தண்டு அந்தச் சொற்பக் காலத்துக்குள் 36 டிகிரி திரும்பிவிடுமாதலால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே பொறி விழுந்தாக வேண்டும்.

'டைமிங்' எனப்படும் அந்த வேளை அளவுக்கு மீறி முந்தினால், மேலேறி வரும் பிஸ்டனை எதிர்த்து அழுத்தம் மூண்டு, மூலையில் எரியாமல் கிடக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்ள, இரும்புச் சட்டியில் பட்டாணி வறுப்பது போன்ற ஓசை எழுகிறது. பட்டறைகளில் 'நாக்கிங்' என்பது இதைத்தான். நீடித்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். வேளை பிந்தினாலோ ஓசை எதுவும் கேட்காது. இழுவை குறையும், சைலன்சர் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும், ரேடியேட்டர் கொதிக்கும், பெட்ரோல் வீணாகும். ஓசையில்லாத இந்தப் பிழையே அதிகமாக ஏமாற்றக்கூடியது என்பது என் அபிப்பிராயம். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் ரேடியேட்டரை நொந்துகொள்கிறார்களே தவிர, பொறியை வேளையறிந்து பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரை நினைப்பதில்லை.

பேட்டரி, காயில், பாயிண்ட் ஆகியவை அடங்கிய, பொறியை உண்டாக்கும் ஏற்பாட்டை வகுத்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1910-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது புழக்கத்துக்கு வந்தது. நம் நாட்டில் இத்தகைய மின்சாதனங்களைச் செய்வதற்கென்றே 1961-இல் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் தோன்றியது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதிலுள்ள கேம் பாயிண்டைத் திறக்கும் கணத்தில் காயிலில் ஓடிய மின்சாரம் அறுந்து, ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து, ரோட்டர் வழியாக 1-3-4-2 என்ற கிரமத்தில் பிளக்குகளைச் சேருகிறது. ஆகவே பாயிண்ட் திறக்கும் கணமே பொறியின் கணம்.

இதனால்தான் நல்ல மெக்கானிக் முதலில் பாயிண்ட் இடைவெளியைப் பார்க்கிறார். அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் 14 முதல் 16 பங்கு வரை அது இருக்க வேண்டும். கேமைத் தொட்டு உரசும் குதி நாளடைவில் தேய, இடைவெளி குறுகி, பாயிண்ட் தாமதித்துத் திறக்கிறது. யாரும் தொடாமலே டைமிங் பிந்திப் போவது இவ்விதமே. இடைவெளியைச் சரிசெய்த பின், ஒன்றாம் பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, ஹேண்டிலால் கிராங்கைச் சுற்றினால், விரலைத் தள்ளும் காற்றே அழுத்த வீச்சு தொடங்கியதை அறிவிக்கும். புல்லியின் விளிம்பிலுள்ள வெட்டு, கையேடு சொல்லும் டிகிரிக் குறிக்கு நேரே வந்ததும் நிறுத்த வேண்டும். சிறு பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையிலும், மற்றதை எஞ்சின் உடம்பிலும் கொடுத்து, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி மெல்லத் திருப்பினால், பாயிண்ட் மூடியிருக்கும் வரை அணைந்திருக்கும் பல்பு, திறந்த கணமே எரிகிறது. அந்த இடத்தில் கிளாம்பை முடுக்கிவிட வேண்டியதுதான். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராக டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பைத் திருப்பினால் அட்வான்ஸ், அதாவது வேளை முந்தும்; அதே திசையில் திருப்பினால் ரிடார்ட், அதாவது பிந்தும்.

ஆயினும் ஒரே வேளை எல்லா வேகத்துக்கும் பொருந்துவதில்லை. ஆகவே வேகம் கூடக் கூட விரிந்து பொறியை முந்தச் செய்யும் எடைகள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கின்றன. ஆக்ஸிலேட்டரைச் சிறிதளவே மிதித்து ஓடும்போது கலவை மெலிந்து மெதுவாக எரிவதால், கார்புரேட்டரின் உறிஞ்சலைக் கொண்டு இன்னும் முந்தச் செய்யும் வாக்குவம் டப்பாவும் இருக்கிறது. சின்னமனூர்ச் சாலையில் இது முழு உதவி செய்கிறது. ஆனால் முந்தலில் ஏற்றம் தொடங்கி ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தவுடன் உறிஞ்சல் குன்றி, அந்த உதவி விலகிக்கொள்கிறது. பாரத்தோடும் குறைந்த வேகத்தோடும் ஏறுகிற வண்டிக்கு, கிளாம்பை முடுக்கியபோது வைத்த வேளையே பெரும்பாலும் கதி. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைவதால் நாக்கிங் அடங்கும். அதை நம்பிப் போடிமெட்டில் வைத்து அட்வான்சைக் கூட்டியவரின் வண்டி, பள்ளத்தாக்கின் வெயிலுக்கு இறங்கியதும் மறுபடியும் கத்தத் தொடங்கும்.

ஆதலால் டைமிங்கைக் கீழேயே சரிபார்த்துக்கொண்டு மலையேறுங்கள். டாப் கியரில் மெதுவாக ஓட்டி ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது, ஓசை இலேசாகத் தலைகாட்டி உடனே மறைந்தால் வேளை சரி. நீடித்தால் சிறிது ரிடார்ட் செய்யுங்கள். ஒரு ஸ்பேனர், ஒரு ஹேண்டில், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு சிறு பல்பு, அரை மணி நேரம்: இவற்றுக்கு மேல் இந்த வேலைக்கு எதுவும் வேண்டியதில்லை.